வீட்டைப் பார்த்துப் படம்

நல்ல படம் வேறு, விடுமுறைப் படம் வேறு. 1995 தீபாவளியைவிட இதற்கு நல்ல சாட்சி கிடையாது. அக்டோபர் 23 அன்று ரஜினியின் ‘முத்து’வும் கமலின் ‘குருதிப்புன’லும் ஒரே நாளில் வெளியாயின. பி.சி.ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புன’லில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. போலீஸ் அதிகாரி ஒருவன் படிப்படியாக உடைந்துபோகும் கதை. இரண்டில் எது உயர்ந்த படம் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, ‘குருதிப்புனல்’தான். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு, காலரில் மஞ்சள் வைத்த புதுச்சட்டையோடு குடும்பமாகக் கிளம்புகிறவர்களை அந்தப் படத்துக்கு அழைத்துப்போவது கொடுமை. அன்றைக்கு ‘முத்து’தான் சரி. குதிரை வண்டியில் ரஜினி வந்து இறங்கினால் போதும், நான்கு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயது அப்பத்தாவுக்கும் ஒரே நொடியில் கை தட்டத் தோன்றும்.

இந்தப் பொருத்தம் பார்க்கும் கலையை ஒருகாலத்தில் சிங்கப்பூர்த் தேக்காவின் வீடியோ கடைக்காரர்கள் கையில் வைத்திருந்தார்கள். கேசட் வாடகைக்கு விட்ட காலம் அது. கெட்டிக்காரக் கடைக்காரர் “என்ன படம் வேணும்?” என்று தொடங்கமாட்டார். “வீட்ல யார் யாரு பாக்கப்போறீங்க?” என்பார். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறாரா, பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவா, அண்ணன் குடும்பமும் வருகிறதா என்று ஜாதகம் கணிப்பதுபோல் விசாரித்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் கை நீட்டுவார். இன்று இணையத் திரைத் தளங்கள் ‘உங்களுக்காக’ என்று வரிசை கட்டிக் காட்டுகின்றன. கணக்குக்குச் சொந்தக்காரர் போன வாரம் தனியாக உட்கார்ந்து எதைப் பார்த்தார் என்பது அவற்றுக்குத் தெரியும். இன்றைக்கு அதே சோபாவில் எத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியாது.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் சோபா சாதாரணமானதல்ல. பாட்டிக்குத் தமிழ்தான் முழுமொழி, கொஞ்சம் மலாய் வரும். அப்பா அம்மாவுக்கு இரண்டு மொழியும் தாராளம். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம், பாட்டியிடம் மட்டும் தமிழ். தமிழ் அவர்களுக்குப் பள்ளிப் பாடமும்கூட. மருமகளோ மருமகனோ சீனராக இருந்தால் அவருக்கு ஆங்கிலத் துணையுரை இல்லாமல் நகராது. துணையுரை ஓடினால் பிள்ளைகளின் கண் அதன்மேலேயே கிடக்கும், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். பாட்டியால் அதைப் படிக்கமுடியாது. ஆங்கிலப் படம் போட்டால் பாட்டி பத்து நிமிடம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, “நீங்க பாருங்க, எனக்கு அடுப்பில வேலை இருக்கு” என்று எழுந்துவிடுவார். அடுப்பில் ஒரு வேலையும் இருக்காது.

எனவே என் கணக்கு எளியது. வீட்டில் யாரிடம் ‘என்ன படம் பார்க்கலாம்’ என்று யாருமே கேட்பதில்லையோ, அவரிடமிருந்து தேர்வைத் தொடங்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பாட்டி. சில வீடுகளில் புதிதாக வந்த சீன மருமகள். சில வீடுகளில் பதினான்கு வயதுப் பையன்.

பாட்டியும் சீன மருமகளும் ஒரே வீட்டில் இருந்தால்? அதற்கென்றே செய்ததுபோல் ஒரு படம் இருக்கிறது. சிங்கீதம் சீனிவாசராவ் 1987இல் எடுத்த ‘புஷ்பக விமானம்’. தமிழில் ‘பேசும் படம்’ என்று வந்தது. படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் ஊமைப்படம் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் காது கொடுத்துக் கேட்கவேண்டிய படம் அது. வேலையில்லாப் பட்டதாரி கமல். குடித்துவிட்டு வீதியில் விழுந்துகிடக்கும் பணக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, அவருடைய நட்சத்திர ஓட்டல் அறையில் தான் போய் வாழ்கிறான். அங்கே மெத்தை மெத்தென்று இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. அவன் முன்பு குடியிருந்த அறைக்குப் பக்கத்திலேயே சினிமாக் கொட்டகை. இரவெல்லாம் அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய உடம்பு அவனுடையது. என்ன செய்கிறான்? பழைய இடத்துக்குப் போய் அந்த இரைச்சலை டேப்பில் பதிந்து கொண்டுவந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டுக் குழந்தையைப்போல் தூங்கிப்போகிறான். விரைவுச்சாலை ஓரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பல வருடம் குடியிருந்துவிட்டுப் புதுப் பேட்டைக்கு மாறிய எவருக்கும் இந்த இடத்துக்கு விளக்கம் தேவைப்படாது. பாட்டி முதலில் சிரிப்பார், மருமகளும் கூடவே சிரிப்பார், யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.

குழந்தைகளுக்கு அதில் வேறு விருந்து இருக்கிறது. டின்னு ஆனந்தின் கூலிக் கொலைகாரன் பனிக்கட்டியில் கத்தி செய்து எடுத்துக்கொண்டு வருகிறான். குத்தியபின் தடயமே இருக்காது அல்லவா? ஆனால் நம் ஊர் வெயில் சும்மா இருக்குமா? கத்தி கையிலேயே கரைகிறது. கட்டிப்போட்ட பணக்காரரின் கழிவை அழகான பரிசுப்பெட்டியாகக் கட்டி அப்புறப்படுத்தும் வேலையும் நடக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் அந்த இடத்தில் சோபாவிலிருந்து கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் மட்டும் கொஞ்சம் மனம் கனக்கும், காற்றில் போய்விடும் ஒரு காகிதத்தால். பெரியவர்களுக்கு அதுவும் வேண்டும்.

அதே சிங்கீதமும் கமலும் சேர்ந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த வீட்டுக்கு இதைப்போல ஒரு படம் இன்னும் வரவில்லை என்பேன். ஆனால் கிரேசி மோகனின் சொல்விளையாட்டைத் துணையுரையில் படிப்பது உப்பில்லாப் பத்தியம். ஒரு வரிக்குள் மூன்று சிரிப்பு இருக்கும், கீழே ஓடும் ஆங்கிலத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழுக்கு அங்கே என்ன செய்யமுடியும்? கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் காட்சிக்கும், மலை விளிம்பில் ஊசலாடும் வீட்டுக்கும் மட்டும் மொழி தேவையில்லை. அந்த வீடு சாப்ளினின் ‘கோல்டு ரஷ்’ஷிலிருந்து வந்தது. கலப்புக் குடும்பத்தில் அந்த இரண்டை மட்டும் போட்டுக்காட்டி நிறுத்திக்கொள்ளலாம், அதில் தவறில்லை.

பழைய படம் என்றாலே முகம் சுளிக்கும் பதின்ம வயதினருக்கு ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் காட்டுங்கள். பேசுவது நாகேஷ், ஆனால் காட்சியைத் தட்டிக்கொண்டு போவது கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகம். 1964 படம் இது. பிள்ளைகள் சிரித்துவிட்டால் ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குத் துணிந்து போகலாம். அதில் சிவாஜி ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரத்துக்காக நாகசுரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருடைய கன்னத்தையும் கழுத்து நரம்பையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம்பமாட்டார்கள்.

சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எழுபது வயதுக்காரர்களுக்குத் தமிழ்ப்படம்தான் போடவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. கம்பத்துக் குடியிருப்பில் சீன, மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்கள் அவர்கள். பாலஸ்டியர் பக்கம் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் எடுத்த, மலாய் நடிகர் பி. ரம்லியின் படங்கள் அவர்களுக்குச் சொந்தச் சொத்து மாதிரி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய ‘பக்தி’யை 1950இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். ஹரிராயாவுக்கும் விடுமுறை உண்டு. அன்றைக்கு ரம்லியின் ‘பூஜாங் லாப்போக்’ போட்டால் தாத்தா முந்திக்கொண்டு வசனம் சொல்வார், பேரப்பிள்ளைகள் முதல்முறையாக அவரிடம் அர்த்தம் கேட்பார்கள்.

தாத்தாவுக்கு இன்னொரு வகையும் உண்டு. ‘பிரியா’ (1978), ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) இரண்டிலும் பல காட்சிகள் சிங்கப்பூரில் எடுத்தவை. படமாகப் பார்த்தால் ‘பிரியா’ எனக்குச் சுமார்தான், சுஜாதாவின் கதையை வைத்துக்கொண்டு இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். ஆனால் வீட்டில் பார்க்கும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டிய படம் அது. ரஜினிக்குப் பின்னால் என்ன கட்டடம், அது இப்போது இருக்கிறதா இல்லையா என்று தாத்தாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம் தொடங்கினால் கதை எப்படிப் போனால் என்ன!

அடுத்து, பதினான்கு வயதுப் பையன். இங்கேதான் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். இந்தியாவில் யு/ஏ என்றால் பெற்றோர் கூட இருந்தால் போதும். சிங்கப்பூரில் ஜி, பிஜி, பிஜி13 மூன்றும் அறிவுரை மட்டும். என்சி16 தொடங்கிச் சட்டம். பதினாறு நிறையாத பிள்ளையை அப்பா, அம்மா, தாத்தா யார் அழைத்துப்போனாலும் உள்ளே விடமாட்டார்கள். எம்18, ஆர்21 பற்றிச் சொல்லவே வேண்டாம். துப்பாக்கியும் ரத்தமுமாக வரும் இன்றைய நட்சத்திரப் படங்கள் பல என்சி16 வாங்குகின்றன. குடும்பமே முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, பையனோடு ஒருவர் வெளியே நிற்க நேர்வது நியாயமான தீபாவளி அல்ல. படத்தின் பெயரைப் பார்க்கும் முன் வயதுத் தரப்பிரிவைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி பெரும்பாலும் ஓ லெவல் தேர்வுக்காலத்தில் வந்து நிற்கும். தேர்வு எழுதும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் படத்துக்குப் போவதைவிட, நவம்பர் கடைசி வரை பொறுப்பதே அழகு. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை ஆறு வாரம். நல்ல படம் எங்கேயும் ஓடிவிடாது.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கமிருந்து வந்து பொங்கோலிலோ செங்காங்கிலோ வீடு வாங்கிவிட்ட குடும்பங்கள் வேறு ரகம். அங்கே கேட்கப்படாத ஆள் அப்பாதான். வேலை, கடன், ஊரில் பாதியில் நிற்கும் வீடு எல்லாம் அவர் தலையில். அவருக்கு 2024இல் வந்த ‘மெய்யழகன்’. ஊரைவிட்டுப் போன அரவிந்த்சாமி வருடங்கள் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்குத் திரும்புகிறார். மேடையில், கொண்டுவந்த நகைகளைத் தன் கையாலேயே அவளுக்குப் போட்டுவிடுகிறார், கொலுசு வரைக்கும். கொலுசுக்குக் குனியும்போது அவர் முகத்தில் வருவதை விவரித்துக் கெடுக்க விரும்பவில்லை. நீளம் என்று புகார் எழுந்து, வெளியான சில நாளிலேயே பதினெட்டு நிமிடத்தைக் குறைத்தார்கள். ஊரைப் பிரிந்தவர்களுக்கு அந்தப் பதினெட்டும் வேண்டும் என்பது என் கட்சி. அம்மாவுக்கு அதே ஆண்டின் ‘லப்பர் பந்து’. கிரிக்கெட் பைத்தியப் புருஷனைப் பொறுக்காமல் மனைவி டிராக்டரை ஓட்டிவந்து ஆடுகளத்தையே உழுதுவிடுகிறாள். வாரக் கடைசி முழுவதும் டிவியில் மேட்ச் பார்க்கும் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கவேண்டிய காட்சி.

சின்னப் பிள்ளைகளுக்கு ‘காக்கா முட்டை’. பீட்சா நினைத்தபோது கிடைக்கும் ஊரில் வளரும் குழந்தைக்கு, ஒரு துண்டுக்காக இரண்டு சிறுவர் கரி பொறுக்கிக் காசு சேர்ப்பது முதலில் புரியாது. ஆயா துண்டுத்தாளில் உள்ள படத்தைப் பார்த்துத் தோசைமேல் காய்கறி தூவிப் பீட்சா சுடும் இடத்தில் புரிந்துவிடும். பாடம் நடத்தாதீர்கள். கேள்வி கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஒரு குடும்பத்தை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை. ஆள் சிங்கப்பூரில், மனைவி மக்கள் புதுக்கோட்டையில். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் தம்பிகள் பலர் இப்படித்தான். இவர்களுக்கு ஏற்ற படம், இரண்டு ஊரிலும் ஒரே வாரத்தில் திரையில் ஓடும் புதுப்படம். இவர் இங்கே பார்க்க, அவர்கள் அங்கே பார்க்க, இரவு போனில் அதே காட்சியைப் பேசிச் சிரித்தால் அது குடும்பத்தோடு பார்த்த படம்தான். நம் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் முடிவை முதலில் தெரிந்துகொள்கிறவர் பெரும்பாலும் இவராகத்தான் இருப்பார். பிள்ளைகள் கெஞ்சினாலும் சொல்லக்கூடாது.

பார்ப்பவர்களை நினைத்துப் படம் தேர்வது இங்கே புதிதல்ல. தேக்காவை ஒட்டிய மெக்கன்சி ரோட்டில் ரெக்ஸ் திரையரங்கு 1946இல் திறந்தபோது போட்ட முதல் படம் ‘ஜங்கிள் புக்’. மௌக்ளியாக நடித்தவர் மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு. போர் முடிந்து ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்த ஊரில், காடும் விலங்கும் குழந்தையுமாக ஒரு படத்தைப் போட நினைத்தவர் யாரோ, நல்ல கைராசிக்காரர்.

கடைசியாக இரண்டு சொல். மல்டிபிளெக்ஸ் குளிர் முதியவர்களின் முழங்காலைத் தேடிப் பிடிக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அரங்குகளில் ‘இடைவேளை’ என்று திரையில் எழுத்து விழும், விளக்கு எரியாது, படம் அதுபாட்டுக்கு ஓடும். மூன்று மணி நேரப் படத்துக்குப் பாட்டியை அழைத்துப்போவதானால், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.