கிரிவலக் கூட்டத்தில் ஒரு லோரா அட்டை

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் கைபேசி சிக்னல் கோடுகள் நிறைந்தே நிற்கும், அழைப்புதான் போகாது. லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிற டவர்கள் போதாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாட்டி ஒரு பக்கமும் பேரன் ஒரு பக்கமும் பிரிந்துவிட்டால், மைக் அறிவிப்புதான் கதி.

இந்த இடத்துக்குப் பொருந்தும் கருவி சீட் ஸ்டூடியோவின் சென்ஸ்கேப் டி1000-இ. ஏடிஎம் அட்டையின் நீள அகலம், 6.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே ஜிபிஎஸ், 700 எம்ஏஎச் பேட்டரி, நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோ. 2020-ல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்னும் திறந்த மூல மென்பொருள் இதில் ஓடுகிறது. டவரும் சிம்மும் தேவையில்லை: ஓர் அட்டை அனுப்புவதை அடுத்த அட்டை வாங்கி மறுபடி ஒலிபரப்பும். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும்வரை கருவி வாயே திறக்காது.

திரை கிடையாது. செய்தி தட்ட ப்ளூடூத்தில் கைபேசியை இணைக்க வேண்டும். ஆனால் பாட்டிக்குக் கைபேசியே வேண்டாம். கழுத்தில் மாட்டிவிட்டால் அட்டை தானாகவே இடத்தை அறிவிக்கும். இதற்காகவே இதை வாங்கலாம்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு சிக்கல். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். தமிழில் எழுத்துக்கு மூன்று, புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே மூன்று. ‘கிழக்குக் கோபுர வாசலில் நிற்கிறோம்’ என்பதே 96 பைட். பாதி இடம் காலி!

தூரத்தைவிடப் பெரிய தலைவலி, காற்றில் இடநெருக்கடி. இயல்பான ‘லாங்ஃபாஸ்ட்’ அமைப்பில் வேகம் நொடிக்கு ஒரு கிலோபிட்தான். நீளமான செய்தி ஒன்று இரண்டு விநாடி அலைவரிசையை அடைத்துக்கொள்ளும்; மறு ஒலிபரப்புகள் அதற்கு மேல். ஊரே இதை வாங்கினால் டவருக்கு நேர்ந்ததுதான் இதற்கும். குடும்பத்தில் ஒருவர் அட்டை மட்டும் மறு ஒலிபரப்பட்டும்; மற்றவற்றை ‘கிளையன்ட் மியூட்’ ஆக்கிவிடலாம். போதாதென்றால் எல்லா அட்டைகளையும் ‘ஷார்ட்ஃபாஸ்ட்’டுக்கு மாற்றலாம்: வேகம் பத்து மடங்கு, எட்டும் தூரம் குறைவு. மனித உடம்பு அலையை உறிஞ்சும் என்பதால், வழியில் யாராவது மொட்டை மாடியில் ஒரு கருவி வைத்தால் பலன் அதிகம்.

இன்னொன்று: இயல்பான சேனலின் குறியாக்கச் சாவி உலகறிந்தது. சொந்தச் சாவி வைத்து, க்யூஆர் குறியீட்டால் வீட்டாருக்குப் பகிர்வதே சரி.

மாற்று வழிகளும் உண்டு. ஜாக் டோர்சி 2025-ல் வெளியிட்ட பிட்சாட் செயலி இலவசம். ப்ளூடூத்திலேயே கைபேசிக்குக் கைபேசி தாவும். ஆனால் ஒவ்வொரு தாவலும் சில பத்து மீட்டர்தான். நடுவில் இருப்பவர்களிடமும் செயலி வேண்டும். 2019 ஹாங்காங் போராட்டத்தில் பரவிய, இதே வகையான பிரிட்ஜ்ஃபை செயலியில் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் கடுமையான பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கியில் பேசலாம்; மேளச் சத்தத்தில் காதில் விழ வேண்டுமே!

பேச்சு வேண்டுவோருக்கு இந்த அட்டை ஏமாற்றம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகும் குடும்பத்துக்கும் அன்னதானத் தொண்டர் குழுவுக்கும் தாராளமாகச் சொல்லலாம். மெஷ்டாஸ்டிக் செயலியை மட்டும் வீட்டிலேயே கைபேசியில் இறக்கிவிட வேண்டும். மலையடிவாரத்தில் அதற்கு நெட் வராது.