முடி சாய்ந்தது, மூடநம்பிக்கை?

மன்னர்க்கு ஆண்டவன் அளித்த உரிமை என்றனர் ஒரு காலத்தில். அவ்வுரிமையை நாடாளுமன்றத்திற்கு மாற்றிக்கொடுத்திருப்பதே மாபெரும் அரசியல் மூடநம்பிக்கை எனச் சாடுகிறார் ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1884-இல் வெளிவந்த 'மனிதனா, அரசா' எனும் பொருளுடைய தம் நூலில். பகுத்தறிவாளர் மகிழ்ந்து படிக்கத்தக்க பகுதி அது! வாக்குப் பெட்டியில் பிறந்ததனாலேயே ஒரு சட்டம் நீதியாகிவிடுமா? அந்நாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஆயுள் ஏழாண்டு வரை நீளலாம், 1911-இல்தான் ஐந்தாண்டாயிற்று. ஏழாண்டுக்கொருமுறை கேட்பதும் ஒரு கணக்கா?

ஆனால், அடுத்த அடியிலேயே நாம் அவரைப் பிரிகிறோம். அரசின் கை நீள்வது அடிமைத்தனத்திற்கு வழி என்கிறார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியையும் அக்குற்றப் பட்டியலில் சேர்க்கிறார். (நமக்குச் சோறிடுவது பள்ளிக்கூடம். ஆதலால் நமக்கு ஒருசார்பு உண்டெனத் தோழர்கள் கருதினால் மறுக்கமாட்டோம்.)

அதே 1884-இல்தான் சிற்றூர் உழைப்பாளர் பலருக்கு அங்கே வாக்குரிமை கிட்டியது. அப்போதும் வயதுவந்த ஆடவரில் பதின்மருக்கு ஏறத்தாழ நால்வர் வெளியே. பெண்கள் அனைவருமே வெளியே! வாக்குப் பெற்ற ஏழை, 'அரசே, சுருங்கு' என்றா கேட்பான்? 1908-இல் முதியோர்க்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. தேர்தல் அரசை வளர்க்கிறது, உண்மை. அதனைத் தேர்தலின் தோல்வி என்பானேன்?

வளர்ந்த அரசு காசை எங்கே கொட்டிற்று என்று ஆண்டுதோறும் துருவுவதோ வேறு வேலை. வாக்குச்சீட்டால் அது ஆகாதென்றுதான் 1866-இலேயே தணிக்கைச் சட்டம் செய்தது பிரிட்டன். அந்தத் தணிக்கையாளரும், ஸ்பென்சர் அஞ்சும் அலுவலர் கூட்டத்தில் ஒருவரே.