தேதியில் தண்ணீர் இருக்கிறதா?

செல்போனில் ஒரு வேலையைக் குறித்துவைக்கப் போனால், பெயரை எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு குட்டிக் காலண்டர் படம் வந்து நிற்கிறது. என்றைக்குள் முடிக்கப் போகிறீர்கள்? நாமும் ரொம்ப யோசிக்காமல் ஒரு தேதியை அழுத்திவிடுகிறோம். கரன்ட் பில் - வெள்ளிக்கிழமை. பல் டாக்டர் - நாளைக்கு. பரண் ஒழிப்பது - ஞாயிறு. சித்தப்பாவுக்கு போன் - இன்றைக்கே. பத்து நாள் கழித்துத் திறந்தால் பட்டியல் முழுக்கச் சிவப்பு. ஒன்பது வேலை கெடு தாண்டிவிட்டதாம்.

அதில் எட்டு வேலைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பரண் அப்படியேதான் இருக்கிறது, வீடு இடிந்து விழவில்லை. ஒன்பதாவது, கரன்ட் பில். அதற்கு மட்டும்தான் நிஜமான கெடு. ஆனால் எட்டுப் பொய்க்கு நடுவில் உட்கார்ந்திருப்பதால் அதுவும் பொய் மாதிரியே தெரிந்து, ஃபீஸைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

இந்த ஆப்களைப் பற்றி எனக்குள்ள முதல் புகார் இதுதான். எல்லாத் தேதிக்கும் ஒரே கலர் அடிக்கிறார்கள். நாமே ஆசைப்பட்டு வைத்த தேதியும், தவறினால் அபராதம் விழுகிற தேதியும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டாவது புகார் இன்னும் பெரியது. அதைச் சொல்ல தஞ்சாவூர்ப் பக்கம் போக வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டிலேயே பிரபலமான 'டியூ டேட்' அங்கேதான் இருக்கிறது: ஜூன் 12.

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால்கூட இந்தத் தேதியைச் சொல்லும். ஆனால் இந்தத் தொண்ணூறு வருஷத்தில் சரியாக ஜூன் 12 அன்று திறந்தது ஏறத்தாழ இருபது தடவைதான். சில வருஷம் முன்னாலேயே திறந்தார்கள். 2022-ல் மே 24. பெரும்பாலான வருஷம் தாமதம்தான். 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. நம்முடைய செல்போன் பட்டியல் மாதிரியே மேட்டூரின் பட்டியலும் சிவப்பு.

ஆனால் ஜூன் 12 வெறும் சம்பிரதாயத் தேதி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். கல்லணையில் திறந்து, ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் எல்லாம் தாண்டிக் கடைமடைக்குப் போக இன்னும் பல நாள். ஜூன் நடுவில் நாற்றங்கால் விட்டால், குறுவைக்குப் போடுகிற ஆடுதுறை 43 போன்ற ரகத்துக்கு 110 நாள். அக்டோபர் முதல் வாரத்தில் அறுப்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பின்பாதியில் வரும். நடுவில் கிடைப்பது பதினைந்து நாள் மூச்சு. ஒரு மாதம் தள்ளிப்போனால் கதிர் முற்றுவதும் மழை கொட்டுவதும் ஒரே நேரத்தில். அப்புறம் ஈர நெல்லைத் தூக்கிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்புவார்கள்.

இதுதான் யோக்கியமான கெடு. பின்னால் வருகிற மழையிலிருந்து திருப்பி எண்ணிக் கிடைத்த தேதி. 'ஞாயிறு பரண்' அப்படி எதிலிருந்தும் எண்ணி வந்ததில்லை. ஞாயிறு லீவு, அவ்வளவுதான்.

யோக்கியமான கெடுவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 2023-ல் ஜூன் 12 அன்றே, அணையில் 103 அடி இருக்கும்போது, டாண் என்று திறந்தார்கள். மலர் தூவினார்கள். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை. அதற்கப்புறம் மேலேயிருந்து தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஜூனுக்கு 9.19 டி.எம்.சி., ஜூலைக்கு 31.24, ஆகஸ்ட்டுக்கு 45.95. இரண்டு தசம ஸ்தானத்துக்கு அச்சடித்த கெடு! தசமப் புள்ளியைப் பார்த்து மழை பெய்யுமா? நீர்மட்டம் 30 அடி வாக்கில் இறங்கி, அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள். கடைமடையில் பயிர் கருகியது. ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள்.

அடுத்த வருஷம், 2024. ஜூன் 12 அன்று அணையில் 43 அடிதான். திறக்கவில்லை. கெடு போச்சு. ஜூலை 28-ல் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்குக் குறுவை கிடையாது, சம்பா மட்டும்.

தேதியைக் காப்பாற்றிய வருஷம் பயிர் கருகியது. தேதி தவறிய வருஷம் ஒரு போகம் போனாலும், போட்ட முதல் கருகவில்லை. இதை வைத்துக்கொண்டு தேதியே வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தேதி வைக்கும்போது அதற்குப் பின்னால் அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை ஏழு வேலைக்குத் தேதி போடுகிறோம். செவ்வாய்க்கிழமையில் நமக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம். இதை எந்த ஆப்பும் கேட்பதில்லை. தேதியை மட்டும் கேட்டுவிட்டு மலர் தூவுகிறது.

என்னுடைய இரண்டாவது புகார் இங்கேதான் வருகிறது. கெடு தாண்டிய வேலையை என்ன செய்வது? செல்போனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், நாளைக்குத் தள்ளுவது. நாளைக்கு மறுபடி தள்ளுவது. டெல்டா விவசாயி குறுவையை ஆகஸ்ட்டுக்குத் தள்ளுவதில்லை. தண்ணீர் வரவில்லையென்றால், 'இந்த வருஷம் குறுவை இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் சொல்லிவிடுகிறார். சம்பாவும் பிந்தினால், 155 நாள் சி.ஆர். 1009-ஐ வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்க மாட்டார். 135 நாள் ரகம், அதுவும் போச்சென்றால் 120 நாள் ரகம். நாற்றங்காலுக்கு நேரமில்லையா, நேரடி விதைப்பு. தேதி நகராதபோது வேலையைச் சின்னதாக்குகிறார். ஒரு மாதமாகச் சிவப்பில் கிடக்கிற 'பரண் ஒழிக்க' என்பதை 'பரணில் இருக்கிற பழைய ஃபேனை இறக்க' என்று மாற்றுகிற ஆப் எதையும் நான் பார்க்கவில்லை. அடித்துப் போட்டுவிடு, உனக்கு இது வேண்டாம் என்று சொல்கிற ஆப்பும் பார்க்கவில்லை.

வார்த்தைகளையே பாருங்களேன். நம்மிடம் 'கெடு' இருக்கிறது; கெட்டுப்போவதற்கும் அதே எழுத்துதான். 'தவணை' இருக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவருக்கு அது நன்றாகத் தெரியும், தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் உண்டு. இதற்கெல்லாம் மேலே 'பட்டம்' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்களே தவிர, ஆடி 7-ம் தேதி காலை ஒன்பது மணிக்கு விதை என்று சொல்லவில்லை. பட்டம் என்றால் ஒரு கதவு திறந்திருக்கிற காலம். அதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் நுழையலாம், மூடினபிறகு முடியாது. நம்முடைய வேலைகளில் பாதி இந்த ஜாதி. பல் டாக்டரை இந்த மாதத்துக்குள் பார்த்தால் போதும். அதற்கு 'நாளை' என்று தேதி போடுவதால்தான் அது நாளைக்கே பொய்யாகிறது.

இன்னொரு வகையும் உண்டு. டெல்டாவில் காலண்டர் தேதியைவிட அதிகமாகப் புழங்குவது வயசு. "மாமா, நாத்துக்கு எத்தனை நாளாச்சு?" "இருபத்திரண்டு. இன்னும் மூணு நாள்ல பறிச்சுடலாம்." நட்டபின் இத்தனையாம் நாள் களை, இத்தனையாம் நாள் மேலுரம். எல்லாமே முந்தைய வேலை நடந்த நாளிலிருந்து எண்ணுவது. நடவு பிந்தினால் பின்னால் உள்ளதெல்லாம் தானாகப் பிந்தும். யாரும் உட்கார்ந்து பதினாறு தேதியைத் திருத்த வேண்டாம். அடுக்களைச் சுவரில் தொங்குகிற மாதக் காலண்டரில் நம் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதுவே. கேஸ் சிலிண்டர் மாட்டின நாளில் ஒரு வட்டம். தீரப்போகிற நாளை எழுதுவதில்லை, ஆரம்பித்த நாளைத்தான் எழுதுகிறார்கள். தினசரித் தாள் காலண்டர் இதற்கு உதவாது, கிழித்துப் போட்டுவிடுவோம். (ராகு காலம் பார்க்கலாம்.)

இதையெல்லாம் வெள்ளைக்காரன் யோசிக்கவில்லையா? யோசித்திருக்கிறான். டேவிட் ஆலன் 2001-ல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' உலகம் முழுக்க விற்ற புத்தகம். அவர் கட்சி ரொம்பத் தெளிவு: காலண்டரில் அந்த நாளில் நடந்தே ஆகவேண்டியதை மட்டும் எழுது, மற்றதெல்லாம் வேறு பட்டியலில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை உட்கார்ந்து முழுக்கப் பார். மூன்றும் சரி. ஆனால் அவர் புத்தகத்தில் வருகிற மனிதர் ஆபீஸ் மேஜைக்காரர். பட்டியல் நீண்டால் அவர் மேஜையில் காகிதம் சேரும், அவ்வளவுதான். மேட்டூரில் 43 அடி என்கிற நிலைமை அவருக்கு வருவதாகத் தெரியவில்லை. நாம் செய்தது அதைவிட மோசம்: பட்டியலை எடுத்துக்கொண்டோம், வாராந்திரப் பார்வையை விட்டுவிட்டோம். வாய்க்கால் வெட்டிவிட்டுத் தூர் வாராத கதை.

எனக்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதையும் வைத்துவிடுகிறேன். தானே வைத்துக்கொள்கிற கெடு பொய்யென்றாலும் பிரயோஜனம்தானே? 2002-ல் டான் ஏரியலியும் கிளாஸ் வெர்ட்டன்ப்ராக்கும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று கட்டுரை எழுத வேண்டும். ஒரு வகுப்புக்குத் தேதிகளை ஆசிரியரே சம இடைவெளியில் வைத்தார். இன்னொரு வகுப்பு தானே வைத்துக்கொண்டது; மூன்றையும் கடைசி நாளில் கொடுத்தாலும் தடையில்லை. பெரும்பாலோர் முன்கூட்டியே தேதி வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஆசிரியர் தேதி வைத்த வகுப்பே நல்ல மார்க் வாங்கியது. (ஏரியலி பங்கெடுத்த வேறொரு ஆய்வு 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அது நேர்மை பற்றியது, வேடிக்கைதான்! இது அதுவல்ல.) இதில் கவனிக்க வேண்டியது, தானே வைத்த தேதியைப் பிறகு மாற்ற முடியாது, தாண்டினால் நாளுக்கு ஒரு சதவீத மார்க் போகும். அந்தத் தேதிக்குப் பல் இருந்தது. நாமே வைத்து, நாமே அழித்து, நாமே தள்ளிப்போடுகிற தேதிக்கு ஏது பல்?

கடைசியாக, நினைவூட்டல். டெல்டாவில் நிஜமான பல் உள்ள தேதி ஒன்று நவம்பர் 15. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய வழக்கமான கடைசி நாள். நவம்பர் புயல் மாதம். அதற்குள் கட்டாதவர் வயல் மூழ்கினால் கையைப் பிசைய வேண்டியதுதான். இதற்கு ஆப்பில் நினைவூட்டல் வைப்பவர் எப்படி வைப்பார்? நவம்பர் 15, காலை ஏழு மணி. அந்த ஏழு மணிக்கு அவர் கையில் அடங்கல் இருக்காது. வி.ஏ.ஓ.வைப் பிடித்து அடங்கல் வாங்க வேண்டும், சிட்டா வேண்டும், ஆதார், பாஸ்புக் நகல் வேண்டும். பிறகு இ-சேவை மையத்துக் கூட்டம். அவருக்கு மணி அடிக்க வேண்டியது நவம்பர் 1-ல், வார்த்தையும் 'காப்பீடு' இல்லை, 'வி.ஏ.ஓ. ஆபீஸ்'. கடைசிப் படியில் அடிக்கிற மணி வெறும் துக்கச் செய்தி. ஊரில் தண்டோரா போட்ட காலத்தில், வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால்தான் பறை அடித்தார்கள், வரப்பு உடைந்த பிறகு இல்லை.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் நம்மைக் கெடுக்கிறது. 2024-ல் நவம்பர் 15 என்றார்கள், பிறகு 30 வரை நீட்டித்தார்கள். அலைந்து திரிந்தவர்களுக்கு அது தேவையான உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் நீட்டிப்பு வருமென்று ஜனங்கள் பழகிவிட்டால், நீட்டிக்காத வருஷம் எத்தனை பேர் வெளியே நிற்பார்கள்? அலாரத்தை 'ஸ்னூஸ்' செய்து செய்து பழகின கை மாதிரி.

2025-ல் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்தது, தண்ணீரும் இருந்தது. குறுவை நன்றாக விளைந்தது. அக்டோபரில் மழை. கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் நனைந்து முளைவிட்டது. சாக்கு இல்லை, லாரி இல்லை, குடோனில் இடமில்லை என்று விவசாயிகள் புகார் சொன்னார்கள். அதிகாரிகள் தரப்பில் எதிர்பார்த்ததைவிட அதிக விளைச்சல் என்றார்கள். ஜூனில் நாற்று விட்ட அன்றே அந்த நெல்லுக்கு 110 நாள் வயசு என்பது ஆடுதுறையிலிருந்து கோட்டை வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.