இலங்கை ஆங்கிலத்தில் வெள்ளவத்தைக்கு இடமில்லையா?

இலங்கை ஆங்கிலம் தனியொரு வகை என்று இன்று யாரும் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. ஆங்கிலத்துறை மாணவர்கள் விரும்பித் தெரிவுசெய்யும் ஆய்வுப் பொருளாக அது மாறிவிட்டது. 2022இல் ஷெஹான் கருணாதிலகவுக்குப் புக்கர் பரிசு கிடைத்த பிறகு, நமது பேச்சு உலக மேடை ஏறிவிட்டது என்ற பெருமிதமும் சேர்ந்துகொண்டது. கூடவே ஒரு வாதமும் வருகிறது: “ஆய்வுக்கு எல்லை வேண்டும், படித்தவர்களின் ஆங்கிலமே அளவுகோல்.” இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை.

இந்த ஆய்வு மரபு செய்தது கொஞ்சமல்ல. 1940களில் எச்.ஏ. பாசே தொடக்கிவைத்ததை மொழியியலாளர் திரு கந்தையா வளர்த்தெடுத்தார். இங்கு பேசப்படுவது சிதைந்த ஆங்கிலமல்ல, தனக்கென ஒழுங்குள்ள மொழி என்று வாதிட்டார். மனிக் குணசேகரவின் நூல் 2005இலும் மைக்கேல் மெய்லரின் அகராதி 2007இலும் வந்தன. இவர்களால்தான் ‘ஷோர்ட் ஈட்ஸ்’, ‘பஸ் ஹோல்ட்’ போன்ற வழக்குகளை நாம் தயங்காமல் நமதென்கிறோம். அர்ஜுன பராக்கிரம 1995இலேயே நியம ஆங்கிலத்தின் அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தினார். நன்றியோடு ஏற்போம்.

ஆனால், யார் பேசுவது இலங்கை ஆங்கிலம்? நாடுகள்தோறும் பத்து இலட்சம் சொற்கள் வீதம் திரட்டும் சர்வதேச ஆங்கிலத் தரவுத் தொகுதியில் இலங்கைக்கும் ஒரு பகுதி உண்டு. அந்தத் திட்டத்தின் பொதுவிதிப்படி, அதில் சேர்க்கப்படும் பேச்சோ எழுத்தோ யாருடையதோ அவர் 18 வயதுக்கு மேற்பட்டவராக, இடைநிலைக் கல்வியை ஆங்கில வழியில் முடித்தவராக இருக்க வேண்டும். அரசியல்வாதி, ஒலிபரப்பாளர், எழுத்தாளர் போன்றோருக்கு மட்டும் சலுகை. இந்த விதியை இலங்கையில் வைத்துப் பாருங்கள். 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய தாய்மொழிக் கல்விக் கொள்கை படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் பரவியது. அரச பாடசாலைகளில் ஆங்கில வழி மீண்டும் திறந்தது 2001 அளவில்தான். இடைப்பட்ட தலைமுறைகள் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் ஒரு பாடமாக மட்டுமே படித்தன. அரசு கொள்கை வகுத்து மூடிய கதவை, ஆய்வு விதி வகுத்துப் பூட்டுகிறது.

கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் ஒரே அடுக்குமாடி வீட்டுக்குள் மூன்று ஆங்கிலங்கள் கேட்கும். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலையில் படித்து அரச எழுதுவினைஞராயிருந்த பாட்டனுடையது ஒன்று. தமிழ் வழியில் படித்து, கடையிலும் ரியூட்டரியிலும் தொலைபேசிக் கொமியூனிகேஷனிலும் ஆங்கிலத்தைக் கையாண்டு பழகிய மகளுடையது இன்னொன்று. சர்வதேசப் பாடசாலைக்குப் போய், ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சான்மாரோடு தினமும் தொலைபேசியில் கதைக்கும் பேரனுடையது மூன்றாவது. மொழி எப்படி மாறுகிறது என்று தேடும் மாணவருக்கு இதைவிட நல்ல களம் கிடைக்குமா? ஆனால் விதியை இறுகப் பிடித்தால் நடுவிலுள்ள அந்தத் தாய் கணக்கில் வரமாட்டார். அவரில்லாமல் மாற்றத்தின் கதையே அறுந்துபோகும்.

“அவர் பேசுவது தாய்மொழித் தலையீடு” என்பார்கள். அங்கேதான் இரட்டை அளவுகோல் தெரிகிறது. வசதியானவர்களின் கொழும்பு ஏழில் சிங்களம் கலந்தால் அது இலங்கை ஆங்கிலத்தின் தனித்துவம். வெள்ளவத்தையின் காலி வீதிக் கடையில் தமிழ் கலந்தால் அது பிழை. யாழ்ப்பாணத்தார் ஆங்கிலச் சொல்லை எழுதும் முறையையே பாருங்கள். தமிழ்நாட்டார் ‘டீச்சர்’, ‘டிக்கெட்’ என்று எழுதுமிடத்தில் அவர்கள் ‘ரீச்சர்’, ‘ரிக்கற்’ என்று எழுதுகிறார்கள். அந்த ரகரமும் றகரமும் குறிப்பது, நுனிநாக்கை மேலண்ணத்துக்கு மடிக்காமல் பல்முரசில் ஒற்றி எழுப்பும் ஒலியை. ஆங்கிலேயரின் உச்சரிப்புக்கு டகரத்தைவிட நெருங்கியதும் அதுவே. இவ்வளவு ஒழுங்கான ஒலியமைப்பைப் பொதுவான ‘இலங்கை உச்சரிப்பு’ என்ற தலைப்புக்குள் அமுக்கிவிட்டால், அது எந்த வகையில் விவரணை?

கொழும்பின் இன்னொரு பகுதியான கொட்டாஞ்சேனை இன்னும் செறிவானது. ஜம்பட்டா வீதியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மலையகத்திலிருந்து வந்தவர், கொழும்புச் செட்டி, பரதவர், முஸ்லிம், சிங்களவர் எல்லோரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு வளர்கிறார்கள். மும்மொழி தினமும் உரசும் அங்குதான் புதிய ஆங்கிலம் பிறக்கிறது. அகராதிக்குள் வந்துசேர்வதோ அதன் மிச்சம்.

2009இல் ‘நம் வழியில் ஆங்கிலம்’ என்று அரசே முழங்கியது. போர் முடிந்த அதே ஆண்டில் எழுந்த அந்த ‘நம்’முக்குள் வெள்ளவத்தை லொட்ஜில் வீசாவுக்குக் காத்திருந்தவர் இருந்தாரா? தமிழருக்கு மட்டும் நேர்ந்த புறக்கணிப்பல்ல இது. ஒகர உச்சரிப்புக்காக ‘நொட் பொட்’ என்று கேலிசெய்யப்படும் சிங்களக் கிராமத்து இளைஞனும் இதே வேலிக்கு வெளியேதான் நிற்கிறான். வேலி போட்டது வர்க்கம். ஆய்வு அதற்குக் காவல் நிற்கிறது.

சமூக மொழியியல் வளர்ந்தது இப்படியல்ல. 1962இல் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயோர்க்கின் மூன்று பெருங்கடைகளுக்குப் போய், ‘நான்காம் மாடி’ என்று பதில் வரும்படி கேள்வி கேட்டு, விற்பனையாளர்களின் வாயில் ரகரம் ஒலிக்கிறதா என்று குறித்துக்கொண்டார். அவர்கள் எந்த மொழியில் பள்ளிப்படிப்பை முடித்தார்கள் என்று சான்றிதழ் கேட்கவில்லை. அந்தச் சிறு ஆய்வு இன்றும் பாடமாக இருக்கிறது.

இந்தத் துறைக்கு வரும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலி வீதித் துணிக்கடைக்கும் ஜம்பட்டா வீதிக்கும் போங்கள். அனுமதி பெற்றுப் பதிவுசெய்யுங்கள். பிழை என்று சிவப்பு மையால் கோடிடுமுன், அது எத்தனை பேரிடம், எந்த வயதில், யாரோடு பேசும்போது வருகிறது என்று எண்ணுங்கள். பேசுபவர்களில் பெரும்பகுதியினரை விட்டுவிட்டு எழுதப்படும் எதற்கும் இலங்கை ஆங்கிலம் என்ற பெயரைச் சூடும் உரிமை கிடையாது.