இதயக் கொடையும் மரணத்தின் எல்லையும்

உறுப்புக் கொடை குறித்த கத்தோலிக்க நோக்கின் வலிமையையும் தயக்கத்தையும் ஒருசேரக் காட்டுவது, போப் இரண்டாம் ஜான் பால் 2000 ஆகஸ்ட் 29 அன்று ரோமில், உறுப்பு மாற்று மருத்துவத்துக்கான பன்னாட்டு மாநாட்டில் ஆற்றிய உரை. உறுப்பு வாணிகத்தை அது மறுக்கிறது. கொடுப்பவரின் அறிந்த இசைவை வற்புறுத்துகிறது. கொடையை அன்பின் செயலாக உயர்த்துகிறது. இவற்றில் நமக்கு மாறுபாடில்லை.

ஆயின், இதயம் துடித்துக்கொண்டிருக்கும் உடலை எப்போது சடலம் என்பது? உயிர் பிரியும் கணத்தை எந்த அறிவியல் முறையாலும் நேரடியாக அறியவியலாது என உரையே ஒப்புகிறது. எனினும், மூளையின் இயக்கம் முழுமையாகவும் மீளா வகையிலும் நின்றதைக் கண்டிப்புடன் நிறுவினால் கொடைக்குரிய 'அறநெறி உறுதிப்பாடு' கிட்டும் என்கிறது. உடலின் ஒருங்கிணைவு குலைந்ததற்கு அது அடையாளம் என்னும் ஒற்றை விளக்கத்தின் மீதே முழுப் பளுவும் விழுகிறது. தொழில்நுட்ப முடிவுகள் திருச்சபைக்குரியவை அல்ல என்றும் உரை ஒதுங்கிக்கொள்கிறது.

ஐயம் எஞ்சுமிடத்தில் முன்னெச்சரிக்கையே மேலோங்க வேண்டும் என்று 2008 நவம்பரில் போப் பதினாறாம் பெனடிக்ட் கூறியது, இந்த இடைவெளியை உணர்த்துகிறது. இதயத்தை எடுப்பது அறமாவது, கொடுப்பவர் இறந்த பின்னரே. அந்தப் 'பின்' எது என்பதை மருத்துவரிடம் மட்டும் விட்டுவிட்டு அறவியல் விலகி நிற்கவியலாது என்பதே நம் துணிபு.