மரத்தின் காயம் ஆறுவதில்லை

ஷான் ரூபின் எழுதி வரைந்த 'திஸ் வெரி ட்ரீ' 2021-ல் வந்த குழந்தைகள் படப்புத்தகம். கதை சொல்வது ஒரு மரம். நியூயார்க் உலக வர்த்தக மைய வளாகத்தில் 1970-களில் நட்ட காலரி பேரி மரம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இடிபாடுகளுக்குள் புதைந்துபோனதை, அக்டோபரில் கண்டுபிடித்தார்கள். வேர் அறுந்து, கிளைகள் ஒடிந்து, கருகிக் கிடந்தது. பிராங்க்ஸில் இருக்கும் மாநகரப் பூங்காத் துறை நர்சரிக்குக் கொண்டுபோய் வளர்த்து, 2010 டிசம்பரில் பழைய வளாகத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

மரத்தைப் பேசவைத்தது நல்ல யோசனை. அரசியலுக்குள்ளே போகாமல், பெரிய இழப்பைப் பற்றி ஒரு குழந்தையிடம் பேச்சைத் தொடங்க அது வழி விடுகிறது. ஆனால் துணைத்தலைப்பிலேயே வரும் 'மீள்திறன்' என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது.

எங்கள் சாஃப்ட்வேர் துறையிலும் இந்தச் சொல் உண்டு. சர்வர் விழுந்தால், பழைய நிலைக்கே சீக்கிரம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். மரம் அப்படி இல்லை. அமெரிக்க வனத் துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970-களில் ஒரு விஷயத்தை விளக்கினார். நம் தோல் மாதிரி மரம் தன் காயத்தைச் சரிசெய்வதில்லை. சேதமான பகுதியைச் சுற்றித் தடுப்பு போட்டு அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. பழைய காயம் உள்ளேயே இருக்கும், மரம் சாகும்வரை.

இந்த மரத்தில் அதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கரடுமுரடான பழைய அடிமரம், அதிலிருந்து வழவழப்பாகக் கிளம்பும் புதுக் கிளைகள். இரண்டுக்கும் நடுவே பிரிவு தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலரி பேரி ஒன்றும் உறுதிக்குப் பெயர்போன மரம் இல்லை. அதில் அதிகம் நடப்பட்ட பிராட்ஃபோர்ட் ரகம், காற்றடித்தால் கிளை பிளந்து விழுவதற்குத்தான் பிரபலம். கண்ட இடத்தில் பரவுகிறது என்று ஒஹையோ மாநிலம் 2023-ல் காலரி பேரி விற்பனையையே தடைசெய்தது. நாம் பேசும் மரமும் 2010 மார்ச் புயலில் நர்சரியில் வேரோடு சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தி நட்டது மனிதர்கள். ஆக, மரம் பிழைத்ததற்கு அதன் மனத்திடம் காரணமில்லை. ஒன்பது வருஷம் விடாமல் பார்த்துக்கொண்ட கைகள்தான் காரணம். பராமரித்தவர்களை இந்தப் புத்தகம் மறைக்கவில்லை. ஆனாலும் 'நான்' என்று மரமே பேசும்போது, படிப்பவர் மனதில் அது வீரனாகிவிடுகிறது.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தையிடம் "அந்த மரம் மாதிரி தைரியமா இருக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். அழக்கூடாது, சீக்கிரம் பழையபடி ஆகிவிடணும் என்றுதான் அதுக்குக் கேட்கும். தேறிவரும் பொறுப்பு முழுசும் அந்தச் சின்னத் தோளில் விழுந்துவிடும்.

தமிழில் காயம் ஆறுவதும் ஆறுதலும் ஒரே வேர்ச்சொல். ஆறுதல் தானாக வராது, இன்னொருவர் சொல்ல வேண்டும். அதனால் புத்தகத்தைத் தாராளமாக வாங்கிப் படித்துக் காட்டுங்கள். மரம் நர்சரிக்கு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, "இதுக்கு யாரு தண்ணி ஊத்தினாங்க?" என்று கேளுங்கள்.