பொட்டலத்தில் எழுதியிருந்தால் போதுமா?

மலேசியாவின் காப்பாரில் நீரிழிவுக்கு அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுப்பவர் கையோடு கொண்டுபோவது ஒரு சிறு பிளாஸ்டிக் பொட்டலம். மேலே ஒட்டிய தாளில் மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம் என்ற பெயரும் ‘மாக்கான் 1 பிஜி 2 காலி செஹாரி, செலெப்பாஸ் மாக்கான்’ (ஒரு மாத்திரை, தினமும் இருமுறை, உணவுக்குப் பின்) என்பது போன்ற ஒரு மலாய் வரியும் இருக்கும். கூடுதல் விவரம் வேண்டுவோருக்கு ‘ரிமுப்’ எனும் மருந்துத் துண்டறிக்கை உண்டு. மருந்து எதற்கு, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, எப்படிப் பாதுகாப்பது என்பதெல்லாம் அதில் தெளிவாகவே இருக்கிறது. நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த, தமிழ் மட்டுமே வாசிக்கும் மூதாட்டி இணையத்தில் போய் அதைத் தேடுவாரா?

தமிழில் அச்சிட்டால் தீர்ந்தது என்பார்கள். அச்சிடத்தான் வேண்டும், ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புத்திறன் குறைந்த நோயாளிகளில் சுமார் 71 விழுக்காட்டினர் ‘இரண்டு மாத்திரை, தினமும் இருமுறை’ என்ற வரியைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை எண்ணிக் காட்ட முடிந்தவர்களோ சுமார் 35 விழுக்காட்டினர்தான். அத்தனை பேரும் ஆங்கிலம் பேசுபவர்கள், லேபிளும் ஆங்கிலம். ஐரோப்பிய ஒன்றியம் 1992இலேயே துண்டறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2004இல் அதை நோயாளிகளிடமே கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. நாம் கடன் வாங்க வேண்டியது அந்த இரண்டாவது விதியை.

பக்கவிளைவுகளைச் சொன்னால் நோயாளி பயந்து மருந்தை நிறுத்திவிடுவார் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் மெட்ஃபோர்மின் தொடங்கிய நாட்களில் பலருக்கு வயிறு கலங்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இது முன்பே தெரிந்தவர் பொறுத்துக்கொள்வார், தெரியாதவர்தான் நிறுத்துவார். துண்டறிக்கையோடு நேரிலும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றால், மருந்து முகப்பில் வரிசை நீள்கிறதே, ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேசுவது என்பது இன்னும் வலுவான மறுப்பு. எல்லாரிடமும் பேச வேண்டியதில்லை. புது மருந்து, மாறிய அளவு, பல மருந்து உண்ணும் முதியவர் என்றால் மட்டும் “எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா” என்று கேட்டால் போதும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மலேசியத் தனியார் கிளினிக்குகளில் எழுதிக்கொடுக்கும் மருத்துவரே மருந்தையும் கொடுக்கலாம். இடையில் சரிபார்க்க மருந்தாளர் இல்லை. அங்கே குளுக்கோஃபாஜ் என்ற வணிகப் பெயரிலும், அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மின் என்ற பெயரிலும் வாங்கி, ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கும் ஆபத்தை எந்தத் துண்டறிக்கையும் தடுக்காது. ஆகவே அடுத்த முறை எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், வீட்டிலுள்ள எல்லா மருந்துப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.